மேகத்துக்குக் கீழே ஊருணி

செட்டிநாட்டு நீர்நிலைகளைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டு வரைந்த வரைபடம் எதைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு சங்கடம் எழுகிறது. ஆத்தங்குடி, பலவான்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று கண் நகர்கிறது. அங்கங்கே நீலத் துண்டுகள், மிச்சமெல்லாம் மங்கிய மண்நிறம். நீலம் என்றால் தண்ணீர், அதில் குழப்பமில்லை. அந்த மண்நிறத்தைத்தான் என்னால் நம்ப முடிவதில்லை. அங்கே தண்ணீர் இல்லை என்று யாரோ பார்த்துச் சொன்ன இடமா அது, அல்லது யாருமே பார்க்காமல் விட்ட இடமா? இரண்டுக்கும் ஒரே நிறம் பூசியிருக்கிறது. ஒரு ஊருணியின் கரையில் நின்று பார்ப்பவருக்கு இந்தக் குழப்பம் வராது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தை எண்களாக்கி, அந்த எண்களை ஒரு நிரலுக்குள் செலுத்தி, மறுமுனையில் வரைபடமாக வாங்குகிறோமே, அந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் ‘தெரியவில்லை’ என்பது ‘இல்லை’ என்று மாறிவிடுகிறது. எந்த இடத்தில் மாறுகிறது என்று தேடிக்கொண்டே போனால் அது ஒரே ஒரு இடமாகவும் இருப்பதில்லை.

சிவகங்கையும் ராமநாதபுரமும் கண்மாய்ச் சீமை. வற்றாத ஆறு கிடையாது. பெய்யும் மழையைக் கரைகட்டி நிறுத்தித்தான் இங்கே வயலும் வாழ்வும். பெருங்கண்மாய்கள் பாசனத்துக்கு, ஊருணிகள் குடிதண்ணீருக்கு, கோயிலை ஒட்டிய தெப்பக்குளம் தனி. ஐப்பசியில் அடைமழை பிடித்து, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து, மார்கழி தை வரை தளும்பி, பங்குனி சித்திரையில் அடிமண் வெடித்துக் கிடக்கும். தண்ணீர் வந்துசேரும் மாதங்களும் வானம் மூடியிருக்கும் மாதங்களும் இங்கே ஒன்றேதான். தரையில் பட்டுப் பிரதிபலிக்கும் ஒளியைக் கொண்டு படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகத்தின் மேல்புறம்தான் தெரியும். நிரல் எழுதுகிறவர் அந்த மேகப் பிக்சல்களை மறைத்துவிடுகிறார். மாஸ்க் போடுவது என்று பெயர். மறைத்தது சரி. ஆனால் எதை மறைத்தார்? ஆண்டு முழுவதிலும் அந்த ஊருணியில் தண்ணீர் கிடக்க அதிக வாய்ப்புள்ள நாட்களையே மறைத்திருக்கிறார். காணாமல் போனவை சீராக, எங்கும் ஒரே அளவில் காணாமல் போகவில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மழைக்காலத்தில் செயற்கைக்கோள் பத்து முறை கடந்துபோகிறது, இரண்டு முறைதான் வானம் தெளிவு. மற்ற காலத்தில் இருபது முறை, அதில் பதினாறு தெளிவு. மழைக்காலம் முழுக்க ஊருணியில் தண்ணீர், பிறகு வறட்சி என்று வைத்துக்கொண்டால் உண்மையில் முப்பதில் பத்து, அதாவது 33 சதவீதம் காலம் அங்கே தண்ணீர் இருந்தது. மறைத்தவற்றைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுத்தால் பதினெட்டில் இரண்டு, 11 சதவீதம். மறைத்தவற்றை வறட்சி என்று எண்ணினால் முப்பதில் இரண்டு, ஏழு சதவீதம்கூட இல்லை. மூன்று விடைகளுமே பிழையில்லாமல் ஓடிய நிரலிலிருந்து வரும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒரே ஒரு வரி. பச்சை ஒளியிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது நீர்க் குறியீடு. மெக்ஃபீட்டர்ஸ் 1996-இல் முன்வைத்தது. பூஜ்யத்துக்கு மேலே போனால் தண்ணீர், கீழே இருந்தால் தரை. மறைத்த பிக்சல்களில் எண்ணுக்குப் பதிலாக ‘நேன்’ என்ற குறியை வைப்பது பைத்தானில் வழக்கம். எண்ணே அல்லாத ஒன்று என்று கணினிக்குச் சொல்லும் குறி அது. 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரநிர்ணயம் அதற்கு ஒரு கண்டிப்பான குணத்தைக் கொடுத்தது. அதோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடையும் நேன். தன்னோடு தானே சமமா என்று கேட்டாலும் இல்லை என்றே சொல்லும். அறியாமையை அறியாமையாகவே கடத்திக்கொண்டு போகும் நேர்மையான ஏற்பாடு என்று இதை மதிக்கிறேன். ஆனால் ‘குறியீடு பூஜ்யத்தைவிடப் பெரிதா’ என்று கேட்கும் அந்த வரியில் ஏற்பாடு உடைந்துபோகிறது. நேன் பூஜ்யத்தைவிடப் பெரிதா? விடை: பொய். பொய் என்றால் தண்ணீர் இல்லை. கேள்விக்கு உண்மை, பொய் என்று இரண்டே அறைகள். மூன்றாவது அறையில் இருக்க வேண்டியது பொய்யின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கணினி எச்சரிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. அடுத்த வரியில் உண்மை ஒன்றாகவும் பொய் பூஜ்யமாகவும் கோப்பில் எழுதப்படும்போது கார்த்திகை மேகம் முழுவதும் கட்டாந்தரையாகிவிடுகிறது.

நேன் தசம எண்களுக்கு மட்டும் உரியது. ராஸ்டர் என்பது பிக்சல்வாரியாக எண்களை அடுக்கிய படக்கோப்பு; முழு எண்களில் சேமித்த ராஸ்டரில் நேனுக்கு இடமில்லை. ஆகவே ஏதோ ஒரு எண்ணைத் தியாகம் செய்து, இதைக் கண்டால் தரவில்லை என்று புரிந்துகொள் என்று எழுதிவைக்கிறார்கள். சிலர் −9999. ரேடார் கொண்டு நில உயரம் அளந்த எஸ்.ஆர்.டி.எம். கோப்புகளில் −32768. லேண்ட்சாட், சென்டினல்-2 ஆகிய செயற்கைக்கோள்களின் படங்கள் இரண்டிலும் பூஜ்யம். லேண்ட்சாட்டின் இரண்டாம் தொகுப்பில் சேமித்த எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் தரையின் பிரதிபலிப்பு கிடைக்கும். படத்தின் விளிம்புக்கு வெளியே இருக்கும் பூஜ்யத்தையும் சேர்த்து இந்தக் கணக்குக்குள் தள்ளினால் அது −0.2 ஆகிவிடும். பூஜ்யத்தைத் தேடிப் பிடித்து விலக்கும் பிந்தைய வரிக்கு இனி அது அகப்படாது. இரண்டு அலைவரிசையிலும் −0.2 இருக்கும் இடத்தில் நீர்க் குறியீடு மிகச் சரியாகப் பூஜ்யம், தண்ணீருக்கும் தரைக்கும் இடையே நாம் போட்ட எல்லைக்கோட்டின் மேலேயே. நிரலில் ‘பெரிது’ என்று எழுதியிருந்தால் படம் எடுக்காத பரப்பு முழுவதும் தரை. ‘பெரிது அல்லது சமம்’ என்று எழுதியிருந்தால் முழுவதும் கடல். ஒரு சமக்குறியின் மேல் ஒரு சீமையே நிற்கிறது. சென்டினல்-2 கோப்புகளில் 2022 ஜனவரி 25 முதல் எல்லா மதிப்புகளிலும் ஆயிரத்தைக் கூட்டி எழுதுகிறார்கள், பயன்படுத்துகிறவர் கழித்துக்கொள்ள வேண்டும். இருண்ட பரப்புகளில், முக்கியமாக நீர்மேல், வளிமண்டலத்தின் பங்கைக் கழிக்கும்போது மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. பூஜ்யமோ தரவின்மைக்கென்று ஒதுக்கப்பட்டது. அதனால் முன்பு அந்த மதிப்புகள் வெட்டுப்பட்டன. இந்தத் தகவலைப் படித்தபோது வெகுநேரம் அதிலேயே நின்றேன். மிக இருண்ட தண்ணீரும் பார்க்கப்படாத இடமும் எண்வரிசையில் அவ்வளவு பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்திருக்கின்றன.

தரவின்மைக்கு வைத்த எண் ஒரு பிக்சலோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, அது அக்கம்பக்கத்துக்கும் பரவுகிறது. இருபது மீட்டர் அலைவரிசையைப் பத்து மீட்டருக்கு மாற்றும்போதும், படத்தைத் திருப்பி வேறு வரைபட அமைப்பில் பொருத்தும்போதும், இரைச்சலைக் குறைக்க மென்மையாக்கும்போதும் ஒவ்வொரு புதிய பிக்சலும் பழைய நான்கையோ ஒன்பதையோ கலந்து பிறக்கிறது. ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையில் கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டுப் பின்னால் மணலும் சிமெண்டும் இடுவார்கள். ஓர் அறையை ஊற்றாமல் விட்டுப் பாருங்கள். கல்லைத் திருப்பும்போது அங்கே ஓட்டை இருக்காது. பக்கத்து அறையின் நிறம் வழிந்திருக்கும், இல்லையென்றால் பின்னால் இட்ட கலவையின் சாம்பல் முகப்புக்கு ஏறியிருக்கும். விட்டுப்போன இடம் விட்டுப்போனதாகவே தங்குவதில்லை, ஏதோ ஒரு நிறத்தை வாங்கிக்கொள்கிறது. ராஸ்டரிலும் இதுவேதான். 0.3, 0.3, 0.3 என்ற மூன்று மதிப்புகளோடு −9999-ஐச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய −2500. அபத்தமான எண், யார் கண்ணிலும் படும், திருத்திவிடுவார்கள். அதே இடத்தில் பூஜ்யம் இருந்தால் சராசரி 0.225. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கூச்சல் போடும் −9999-ஐவிடச் சாந்தமாக இருக்கும் பூஜ்யத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். இதற்கு மாற்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த நூட்சனும் வெஸ்டினும் 1993-இல் முறைப்படுத்திய வழி அது. மறைந்த இடங்களில் பூஜ்யத்தை இட்டு மதிப்புகளை மென்மையாக்க வேண்டும். தெளிவுக்கு ஒன்று, மறைவுக்குப் பூஜ்யம் என்று வைத்த மாஸ்க்கையும் தனியே அதே விதமாக மென்மையாக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.225-ஐ 0.75-ஆல் வகுத்த 0.3 திரும்பக் கிடைத்துவிடும். கணக்கு எளிது. ஆனால் நான்கில் மூன்று தெளிவாக இருக்கும்போது ஏற்கும் விடையை, நான்கில் ஒன்றுமட்டும் தெளிவாக இருக்கும்போதும் ஏற்பதா? எங்கே நிறுத்துவது என்பதைச் சமன்பாடு சொல்லாது. எழுதுகிறவர் அங்கே தன் மனச்சாட்சிப்படி ஓர் எண்ணை வைத்தாக வேண்டும். அந்த எண்ணைப் பெரும்பாலான அறிக்கைகளில் காண முடிவதில்லை.

மாஸ்க் என்பதை நான் இதுவரை நிச்சயமான ஒன்றைப்போலப் பேசிவிட்டேன். அதுவும் ஓர் ஊகம்தான். ஜூவும் வுட்காக்கும் 2012-இல் வெளியிட்ட எஃப்மாஸ்க் முறையில் மேகத்தைக் கண்டுபிடித்த பிறகு, விளிம்பில் தப்பிய மெல்லிய மேகத்தையும் சேர்த்து மூட, மாஸ்க்கை எல்லாத் திசையிலும் மூன்று பிக்சல் அகலப்படுத்துவார்கள். லேண்ட்சாட்டில் அது தொண்ணூறு மீட்டர். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் இருக்கும் ஒரு ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது மீட்டர் பிக்சலில் அது பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். கரையும் படித்துறையும் கலந்த ஓரக் கட்டங்களைக் கழித்தால் சுத்தமான நீர்க் கட்டம் நான்கைந்து மிஞ்சும். பக்கத்தில் ஒரு சிறு மேகம் ஒதுங்கியிருந்தால் போதும், அந்த எச்சரிக்கை விளிம்பே ஊருணியை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும். பெருங்கண்மாய்க்கு இந்த ஆபத்து இல்லை, அதன் ஒரு மூலைதான் போகும். வெளிச்சமான வெறும் மண்ணையும் வெண்மையான கூரைகளையும் மேகமென்று நினைத்து மூடும் பிழையும் இந்த முறைகளில் வழக்கமாக நடப்பது. கோடையில் வெளுத்துக் கிடக்கும் கண்மாய் அடிமண்ணும், சுண்ணாம்பு பூசிய மாடித் தளங்களும் அதற்கு ஏற்ற இடங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மேகநிழல் கருமையாக விழும் கரம்பை நிலம் தண்ணீரைப்போலத் தெரியும். சென்டினல்-2 படத்தோடு வரும் வகைப்பாட்டில் மூன்று என்றால் மேகநிழல், ஆறு என்றால் தண்ணீர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவது நன்கறிந்த சிக்கல். போதாததற்கு, நிரல் நூலகங்களுக்குள்ளேயே உடன்பாடில்லை. நம்பையின் மாஸ்க்கில் உண்மை என்றால் மூடு என்று பொருள், ஜிடாலின் மாஸ்க்கில் 255 என்றால் திறந்தது, பூஜ்யம் என்றால் மூடியது. ஒன்றை மற்றதன் இடத்தில் கவனிக்காமல் வைத்தால் தரை மறைந்து மேகம் மட்டும் தங்கும்.

லேண்ட்சாட் 7-இன் படங்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2003 மே 31 அன்று அதன் வருடல்கோட்டைத் திருத்தும் கருவி பழுதானது. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 22 சதவீதம், கருங்கோடுகளாக இழப்பு. நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும் முழுமையாக இருக்கும், ஓரம் நோக்கிப் போகப்போகக் கோடுகள் தடிக்கும். பலர் அந்தப் படங்களைப் புறக்கணித்தார்கள். எனக்கு அவற்றின் மேல் ஒரு தனி மரியாதை. இங்கே நான் பார்க்கவில்லை என்று படமே சொல்கிறது. மேகத்தைக் கச்சிதமாக வெட்டி நிரப்பி மெருகேற்றிய படம் அப்படிச் சொல்வதில்லை. அந்தக் கோடுகளை வேறு தேதிப் படத்திலிருந்து எடுத்து நிரப்பும் முறைகளும் விரைவிலேயே வந்தன. காடு, நகரம், மலை என்றால் அது பெரும்பாலும் பொருந்தும். மார்கழி ஊருணியின் நடுவே சித்திரை அடிமண்ணைக் கோடு கோடாகத் தைத்தால் என்ன ஆகும்? இரண்டு காலங்கள் ஒரே குளத்துக்குள் நிற்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மணல்திட்டு என்றுதான் படும்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தில் பெக்கல் குழுவினர் 1984 முதல் 2015 வரையிலான முப்பது லட்சம் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலகின் மேற்பரப்பு நீரைக் கணக்கிட்டு 2016-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அவர்களுடைய மாதாந்திரப் பதிவில் மூன்று எண்கள்: பூஜ்யம் தரவில்லை, ஒன்று தண்ணீர் இல்லை, இரண்டு தண்ணீர். அந்த மூன்றாவது அறையை அவர்கள் கட்டியிருக்கிறார்கள். சராசரியையும் மாதவாரியாக எடுத்துப் பிறகுதான் ஆண்டுக்குச் சேர்க்கிறார்கள். மேலே சொன்ன என் கற்பனைக் கணக்கை அப்படிப் பருவவாரியாகச் செய்தால் 11 மறைந்து 33 திரும்பக் கிடைக்கும். இருந்தும் என் சங்கடம் முழுசாகத் தீரவில்லை. நவம்பரில் பார்த்த ஒரே ஒரு தெளிவான காலை அந்த மாதத்தின் மற்ற நாட்களுக்காகவும் சாட்சி சொல்கிறது. மழை விட்டுப் பல நாள் ஆன காலைதான் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். நவம்பரில் ஒருமுறைகூடத் தெளிவில்லாத ஆண்டுக்குச் சாட்சியே கிடையாது. பழைய ஆண்டுகளில் ‘தரவில்லை’ என்பதற்குக் காரணமும் வேறு. லேண்ட்சாட் 5-இல் படங்களைப் பதிந்துவைத்துப் பிறகு அனுப்பும் வசதி இருக்கவில்லை. அது தலைக்கு மேல் போகும் நேரத்தில் தரைநிலையம் பிடித்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த நாளில் ஆத்தங்குடி வானம் கண்ணாடிபோல இருந்திருக்கலாம். மேகம், நிழல், கருவிப் பழுது, யாரும் பிடிக்காதது, பிடித்தும் காப்பகத்துக்கு வராதது, இத்தனையும் அந்த ஒரு பூஜ்யத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

வருவாய்த் துறையின் பதிவேடு இதில் வேறு வகை. ‘அ’ பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு நேரே ஊருணி என்று எழுதியிருந்தால், அது தளும்பும் மாதமும் ஊருணிதான், புழுதி பறக்கும் மாதமும் ஊருணிதான். நிலம் எதற்கென்று விடப்பட்டதோ அதை அந்த ஏடு சொல்கிறது. செயற்கைக்கோள் அந்த நாள் காலை பத்தரை மணிக்கு என்ன இருந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் உதவும். என் பயம், இரண்டாவதைக் காட்டி முதலாவதை அழிக்கத் துணிகிறவர்களைப் பற்றியது. பல ஆண்டுப் படங்களில் இங்கே தண்ணீரே தெரியவில்லை, ஆகவே இது நீர்நிலை அல்ல என்று ஒரு வாதம் எழுந்தால், அந்தப் பல ஆண்டுகளில் எத்தனை முறை உண்மையில் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்க ஓர் எண் வேண்டும். ஏரி, குளங்களைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் பெரிய கண்மாய்க்கு இருக்கும் கவனம் சிறு ஊருணிக்கு வருவதில்லை. மாஸ்க்கின் விளிம்பு முதலில் விழுங்குவதும் அந்தச் சிறிசைத்தான்.

ரேடார் இதற்கு விடை என்பார்கள். பாதி விடை. 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1, இஸ்ரோ 2012-இல் அனுப்பிய ரிசாட்-1, 2022 பிப்ரவரியில் அனுப்பிய இ.ஓ.எஸ்-04 ஆகியவை மேகத்தைத் துளைத்துப் பார்ப்பவை. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசைக்குத் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். காற்றில் அலையெழும்பினால் அந்தக் கறுப்பு வெளிறும், வழவழப்பான தார்ச்சாலையும் மணற்பரப்பும் நீர்போல நடிக்கும். என்றாலும் ஐப்பசிக்கு ரேடார், மற்ற மாதங்களுக்கு ஒளிப்படம் என்று இணைத்தால் இந்தச் சீமையின் கண்மாய்க் கணக்கு வெகுவாகத் திருந்தும். அப்படிச் செய்யாமல் மழைக்கால நீரைப் பற்றி மாவட்ட அளவில் முடிவுக்கு வருவது முறையல்ல என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் அடியில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும். ஆகாயத் தாமரை போர்த்திய குளத்தில் ஆளுயரத் தண்ணீர் இருக்கும். வானம் தெளிவு, மாஸ்க் எதையும் மூடவில்லை, மேகம் பூஜ்யம், நிழல் பூஜ்யம். நிரல் பார்த்து, பசுமை என்று கண்டு, தாவரம் என்று எழுதிவிடுகிறது. குறிக்கப்பட்ட இழப்புக்கு நேனாவது உண்டு. இந்த இழப்புக்கு எந்தக் குறியும் கிடையாது. மூடிய இடத்தைவிடத் திறந்திருப்பதாக நினைக்கும் இடத்தில் அதிகம் ஏமாறுகிறோமோ என்ற ஐயம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே நீர்நிலை வரைபடம் செய்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவே. ஒப்பீட்டுக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் மாஸ்க்கைத் தனியே எடுத்து வையுங்கள், கேட்ட பிறகு விடையின் மேல் அதைத் திரும்ப இடுங்கள். பெருக்குவதற்கும் கழிப்பதற்கும் முன்னால் பூஜ்யத்தைப் பிரித்துவிடுங்கள். சராசரி எழுதும் ஒவ்வொரு பிக்சலுக்கும் பக்கத்திலேயே எத்தனை பார்வைகளிலிருந்து அது வந்தது என்ற எண்ணிக்கையையும், அவற்றில் எத்தனை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்டவை என்பதையும் இன்னொரு அடுக்காகச் சேர்த்துக் கொடுங்கள். ஏன் மறைந்தது என்பதை, மேகமா நிழலா பழுதா பிடிக்காததா என்று, எட்டுப் பிட்டுக்குள்ளேயே தாராளமாக எழுதலாம். கோப்பு சற்றுப் பெருக்கும், அவ்வளவுதான். மூன்று மழைக்காலம் தொடர்ந்து ஒரு தெளிவான படமும் கிடைக்காத ஊருணிக்கு நீலமும் வேண்டாம் மண்நிறமும் வேண்டாம். மூன்றாவதாக ஒரு நிறத்தைக் கொடுத்து, குறிவிளக்கத்தில் ‘மழைக்காலத்தில் பார்க்கவில்லை’ என்று எழுதி, அதன் புல எண்ணையும் பக்கத்தில் போட்டுவிட்டால், அந்த ஊராட்சியில் இருக்கும் ஒருவர் அடுத்த கார்த்திகையில் நேரே போய்ப் பார்த்துச் சொல்ல முடியும்.